மின்சாரக் கார் வாங்கும்போது: கட்டுமானமும் இலவச சார்ஜும்

(நம் முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சாப்பாட்டுக்கு முன்னால் பேசுகிற கடைசி ஆள் நான். சாம்பார் வாசனை இங்கே வரைக்கும் வருகிறது. எனவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

நான் 2011-இல் இங்கே மெக்கானிக்கல் முடித்தவன். கார் கம்பெனிகளுக்குப் பாடி பாகங்கள் செய்துகொடுக்கும் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. கதவுக்கும் பாடிக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் இடைவெளி என்று அளந்தே பத்து வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. அதனால்தானோ என்னவோ, சொந்தக்காரர், தெரிந்தவர் என்று யார் கார் வாங்கினாலும் எனக்கு ஒரு போன் வரும். முன்பெல்லாம், "தம்பி, மைலேஜ் என்ன கொடுக்கும்?" என்று கேட்பார்கள். இப்போது மின்சாரக் கார் என்றால் முதல் கேள்வியே வேறு. "தம்பி, இதுக்கு ஒரு வருஷம் சார்ஜ் இலவசம்ங்கிறாங்க. அந்தக் கம்பெனிக்காரன் மூணு வருஷம் தர்றானாம். எதை எடுக்கலாம்?"

தானமாய்க் கிடைத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது என்பார்கள். சரி. ஆனால் சந்தையில் காசு கொடுத்து வாங்குகிற மாட்டை? நம் தாத்தாக்கள் பல்லைப் பிடித்துப் பார்த்தார்கள், சுழி பார்த்தார்கள், நாலு எட்டு நடக்கவிட்டுப் பார்த்தார்கள். விற்கிறவர் கடைசியில் கயிற்றையும் மணியையும் சும்மா கொடுப்பார். கயிறு இலவசம் என்பதற்காக யாரும் மாடு வாங்கியதில்லை. இன்றைக்குப் பதினைந்து, இருபது லட்சம் கொடுத்து, ஏழு வருஷக் கடன் போட்டுக் கார் வாங்குகிற நாம், கயிற்றின் நீளத்தைப் பற்றித்தான் அதிகம் விசாரிக்கிறோம். இதைத்தான் இன்று உங்களிடம் சொல்ல வந்தேன்.

இலவசத்தின் கதை

இலவச சார்ஜ் என்ற பழக்கம் பெரிய அளவில் வந்தது டெஸ்லாவோடு. 2012-இல் அமெரிக்காவில் மாடல் எஸ் காரை விற்க ஆரம்பித்தபோது, பெட்ரோல் பங்க் மாதிரி சாலையோரம் சார்ஜ் நிலையங்களையும் அவர்களே கட்டினார்கள். பெரிய பேட்டரி கார்களுக்கு அங்கே ஆயுள் முழுக்க இலவசம் என்றார்கள். நீண்ட பயணத்தில் மாட்டிக்கொள்வோமோ என்ற பயத்தைப் போக்க அது நல்ல யோசனைதான். ஆனால் வீட்டில் சார்ஜ் செய்ய வசதி உள்ளவர்களும் சும்மா கிடைக்கிறதே என்று உள்ளூர் நிலையத்தில் வரிசையில் நிற்க ஆரம்பித்தார்கள். 2015-இல் கம்பெனியே அப்படிப்பட்டவர்களுக்குக் கடிதம் எழுதியது. 2016 கடைசியில், சார்ஜ் முடிந்தும் வண்டியை எடுக்காதவர்களுக்குக் கட்டணம் போட்டது. 2017 ஜனவரிக்குப் பிறகு வாங்கியவர்களுக்கு ஆயுள் இலவசம் போய், ஆண்டுக்கு 400 யூனிட் என்று சுருங்கியது. அதன் பிறகு விற்பனை மந்தமான நேரங்களில் வரும், போகும். நம் ஊர் ஆடித் தள்ளுபடி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபோக்ஸ்வேகன் கதையும் அதே ரகம். டீசல் புகை மோசடி வழக்கின் சமரசத்தில், அமெரிக்காவில் பத்து ஆண்டுகளில் 200 கோடி டாலர் செலவிட ஒப்புக்கொண்டு, 'எலெக்ட்ரிஃபை அமெரிக்கா' என்ற சார்ஜ் நிலையத் தொடரை அமைத்தார்கள். 2021-இல் ஐ.டி.4 காரை அங்கே விற்றபோது, அந்த நிலையங்களில் மூன்று வருஷம் வரம்பில்லாத இலவசம். 2023 மாடல் வரும்போது அதுவே மொத்தம் 500 யூனிட் என்று ஆகிவிட்டது. கார் அதே கார்தான். கயிறு மட்டும் குட்டையாகிவிட்டது.

நம் நாட்டுக்கு வருவோம். 2024 செப்டம்பரில் எம்.ஜி. வின்ட்சர் வந்தபோது, அவர்களுடைய செயலி வழியாகப் பொது நிலையங்களில் ஒரு வருஷம் இலவச சார்ஜ் என்றார்கள். நம் தூத்துக்குடியில் 2025 ஆகஸ்டில் தொழிற்சாலை திறந்த வியட்நாமின் வின்ஃபாஸ்ட், அடுத்த மாதமே இரண்டு கார்களை அறிமுகம் செய்து, தன் சகோதர நிறுவனத்தின் நிலையங்களில் 2028 ஜூலை வரை இலவசம் என்றது. இதில் ஒரு நுணுக்கத்தைக் கவனியுங்கள். "மூன்று வருஷம்" என்பது வேறு, "இந்தத் தேதி வரை" என்பது வேறு. தேதி போட்ட சலுகை, நீங்கள் தாமதமாக வாங்க வாங்கக் கரைந்துகொண்டே போகும்.

ஆகவே ஷோரூமில் இலவசம் என்ற வார்த்தை காதில் விழுந்தவுடன் ஐந்து கேள்வி கேளுங்கள். எந்த நிலையங்களில்? எந்தத் தேதி வரை, அல்லது எத்தனை யூனிட் வரை? ஒரு தடவைக்கு நேர வரம்பு உண்டா? வண்டியை விற்றால் அடுத்தவருக்குப் போகுமா? இதெல்லாம் எழுத்தில் உண்டா? விற்பனைப் பையன் வாயால் சொல்வது, பாவம், அவனுக்கும் முழுதாகத் தெரியாது.

காகிதத்தில் ஒரு கணக்கு

நாம் எல்லாம் இன்ஜினீயர்கள். கணக்குப் போடாமல் எப்படி? மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டுகிற குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 12,000. நடுத்தரக் கார் ஒரு யூனிட்டுக்கு ஏழு கிலோமீட்டர் ஓடினால் சுமார் 1,700 யூனிட். சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்தால் 1,900 என்று வையுங்கள். வீட்டில் யூனிட்டுக்கு 9 ரூபாய் என்று போட்டால் வருஷத்துக்கு 17,100 ரூபாய். பொது நிலையத்தில் 20 ரூபாய் என்று போட்டால் 38,000.

அதாவது வீட்டில் சார்ஜ் வசதி உள்ளவருக்கு மூன்று வருஷ இலவசத்தின் அதிகபட்ச மதிப்பு சுமார் 51,000 ரூபாய். பதினேழு லட்ச ரூபாய்க் காரில் அது நூற்றுக்கு மூன்று பங்கு. அதுவும் ஒரு யூனிட்கூட வீட்டில் ஏற்றாமல், ஒவ்வொரு தடவையும் நிலையத்துக்கே போனால்தான். ஒரு தடவை 25 யூனிட் ஏற்றினால் மிச்சம் 225 ரூபாய். அதற்குப் போக, வர, காத்திருக்க ஒன்றரை மணி நேரம். நிலையம் எட்டு கிலோமீட்டர் தள்ளி இருந்தால் போய்வர இரண்டு யூனிட்டுக்கு மேல் அதுவே சாப்பிட்டுவிடும். ரிட்டையர் ஆன மாமாவுக்கு வேண்டுமானால் பொழுதுபோகும்.

அடிக்கடி வெளியூர் போகிறவருக்கும், வீட்டில் சார்ஜ் செய்யவே இடமில்லாதவருக்கும் இந்தச் சலுகை நிஜமாகவே பணம். அவர்கள் வழக்கமாகப் போகும் பாதையில் அந்தக் கம்பெனியின் நிலையம் எங்கெங்கே இருக்கிறது, அதில் எத்தனை வேலை செய்கிறது என்று ஒருமுறை நேரில் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். வேக சார்ஜில் 80 சதவிகிதத்துக்கு மேல் ஏறுவது மெதுவாகிவிடும். நேர வரம்புள்ள இலவசத்தில் கடைசி இருபது சதவிகிதத்துக்காகக் காத்திருப்பது லாபமில்லை. தினப்படிக்கு வீட்டில் மெதுவாக ஏற்றுவதுதான் பேட்டரிக்கும் நல்லது.

கட்டுமானத்தின் கதை

இப்போது மாட்டைப் பார்ப்போம். காரின் பாடி என்பது நூற்றுக்கணக்கான தகடுகளை அச்சில் அழுத்தி, ஜிக்கில் பிடித்து, ரோபோ கொண்டு வெல்டு செய்தது. ஒவ்வொரு தகட்டிலும் அரை மில்லி பிசகினால், கடைசியில் கதவு மாட்டும் இடத்தில் எல்லாம் சேர்ந்து வந்து நிற்கும். அதனால்தான் நாங்கள் இடைவெளியை அளக்கிறோம். மூன்றரை மில்லியா நான்கு மில்லியா என்பது பெரிய விஷயமில்லை. இடதுபுறமும் வலதுபுறமும் ஒரே மாதிரி இருக்கிறதா, மேலிருந்து கீழ் வரை ஒரே சீராக வருகிறதா என்பதுதான் விஷயம். சீராக இல்லையென்றால் அந்த லைனில் யாரோ அவசரப்பட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். கண்ணுக்குத் தெரிகிற இடத்திலேயே அவசரப்பட்டவர்கள், தெரியாத இடத்தில் என்ன செய்திருப்பார்கள்?

இதற்கும் டெஸ்லாதான் நல்ல பாடம். 2017 ஜூலையில் மாடல் 3 உற்பத்தி தொடங்கியது. வாரம் 5,000 கார் என்ற இலக்கைப் பிடிக்க, ஃப்ரீமான்ட் ஆலைக்கு வெளியே பெரிய கூடாரம் போட்டு அதில் ஒரு அசெம்ப்ளி லைன் நடத்தினார்கள். 2018 ஜூன் கடைசியில் இலக்கைத் தொட்டார்கள். அதே ஆண்டு டெட்ராய்ட் நிபுணர் சாண்டி மன்ரோ அந்தக் காரை நட்டு போல்ட் வரை கழற்றிப் பார்த்தார். பாடி இடைவெளிகளைப் பார்த்து, தொண்ணூறுகளின் கியா காரோடு ஒப்பிட்டார். மோட்டாரையும் எலெக்ட்ரானிக்ஸையும் பார்த்தபோதோ வாயாரப் புகழ்ந்தார். ஒரே கார்தான், இரண்டு மார்க்! 2020-இல் ஜே.டி. பவர் ஆய்வில், வாங்கிய முதல் மூன்று மாதங்களில் நூறு கார்களுக்கு எத்தனை புகார் என்று எண்ணினார்கள். சராசரி 166. டெஸ்லாவுக்கு 250.

பிறகு என்ன ஆயிற்று? அதே 2020-இல் வந்த மாடல் ஒய் காரில், மாடல் 3-இல் சுமார் 70 துண்டுகளாக இருந்த பின்பக்க அடிப்பாகத்தைப் பெரிய அலுமினிய வார்ப்பாக மாற்ற ஆரம்பித்தார்கள். துண்டு குறைந்தால் பிசகும் குறையும். நமக்குப் பாடம் என்னவென்றால், புது மாடலின் முதல் ஆறு மாத வண்டியும் இரண்டாவது வருஷ வண்டியும் பெயரில் ஒன்றாக இருந்தாலும் கட்டுமானத்தில் ஒன்றாக இருப்பதில்லை. "முதல் ஆயிரம் பேருக்கு இலவச சார்ஜ்" என்று யாராவது சொன்னால், முதல் ஆயிரம் வண்டிகளில் ஒன்று உங்களுக்கு வரப்போகிறது என்றும் அதற்குப் பொருள்.

மின்சாரக் காரில் கட்டுமானம் ஏன் இன்னும் முக்கியம்? மூன்று காரணம். ஒன்று, இன்ஜின் சத்தம் இல்லை. பெட்ரோல் காரில் மறைந்துபோகும் சின்னச் சின்ன 'கடகட' எல்லாம் இதில் காதுக்குள் உட்கார்ந்துகொள்ளும். இரண்டு, பேட்டரியால் எடை அதிகம். டயர், புஷ், சஸ்பென்ஷன் எல்லாவற்றுக்கும் வேலை கூடுதல். மூன்று, காரின் விலையில் பெரும் பங்கு தரைக்கு அடியில் தொங்குகிறது. அடியில் விழும் ஒரு கீறல் வெறும் கீறல் அல்ல.

கட்டுமானம் என்றால் தகடு மட்டுமல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2024-இல் ஹூண்டாய், கியா நிறுவனங்கள் அயோனிக் 5, இ.வி.6 கார்களை உலகெங்கும் திரும்ப அழைத்தன. இந்தியாவில் மட்டும் அயோனிக் 5 கார்கள் 1,744. காரணம், சார்ஜைக் கட்டுப்படுத்தும் ஒரு பெட்டியில் கோளாறு. அது கெட்டால் 12 வோல்ட் சின்ன பேட்டரிக்குச் சார்ஜ் போகாது, வண்டி நடுவழியில் நின்றுவிடலாம். அந்தக் கார்களின் கதவு இடைவெளியைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே கண்ணால் பார்ப்பது பாதி, வாரண்டி காகிதம் மீதிப் பாதி.

பாரத் என்கேப் நட்சத்திரங்களையும் கேளுங்கள். 2023 முதல் நம் நாட்டிலேயே இந்த மோதல் சோதனை நடக்கிறது. டாடா, மகிந்திரா மின்சாரக் கார்கள் ஐந்து நட்சத்திரம் வாங்கியிருக்கின்றன. அது மோதினால் உயிர் தப்புமா என்பதற்கான மார்க். மழையில் ஒழுகுமா என்பதற்கு அதில் பதில் இல்லை.

ஒழுகல் என்றதும் நம் சீனியர் அண்ணன் ஒருவர் ஞாபகம் வருகிறது. பெயர் வேண்டாம், கம்பெனி பெயரும் வேண்டாம். நீண்ட இலவசத்துக்காகவே ஒரு காரைத் தேர்ந்தெடுத்தார். முதல் ஐப்பசி மழையில் பின்கதவு ரப்பர் பீடிங் வழியாகத் தண்ணீர் இறங்கி, டிக்கி தரைவிரிப்பு நனைந்து நாற்றம். நான்கு முறை சர்வீசுக்குப் போய் வந்தார். நான் போய்ப் பார்த்தபோது பின்கதவு ஒரு பக்கம் நன்றாகவே ஏறி உட்கார்ந்திருந்தது. டெலிவரி அன்று ஒரு விரலை வைத்துத் தடவியிருந்தால் தெரிந்திருக்கும். "அன்னைக்கு மாலை போடுறதும் போட்டோ எடுக்கிறதுமா போயிடுச்சுப்பா" என்றார். இலவச சார்ஜை எத்தனை தடவை பயன்படுத்தினீர்கள் என்று கேட்டேன். விரல் விட்டு எண்ணிவிட்டார்.

டெலிவரி நாளில்

மாலையும் எலுமிச்சம்பழமும் இருக்கட்டும். அதற்கு முன், பணம் முழுவதும் கட்டிப் பதிவு செய்வதற்கும் முன், பகல் வெளிச்சத்தில் ஒரு மணி நேரம் கேளுங்கள். தருவார்கள். இதோ என் பட்டியல்:

1. வண்டி தயாரான மாதம், ஆண்டு. பல மாதம் யார்டில் நின்ற வண்டி என்றால் காரணம் கேளுங்கள்.

2. பானட், நான்கு கதவு, டிக்கி, சார்ஜ் மூடி – இரண்டு பக்க இடைவெளியையும் ஒப்பிடுங்கள். விரலால் தடவினால் ஒரு தகடு மேலே, ஒன்று கீழே என்று தட்டுப்படக்கூடாது.

3. ஒவ்வொரு கதவையும் மெதுவாகச் சாத்துங்கள். ஒரே மாதிரி சத்தம் வர வேண்டும். ஒன்று மட்டும் ஓங்கி அடித்தால்தான் மூடுகிறது என்றால் குறித்துக்கொள்ளுங்கள்.

4. பெயின்ட்டைச் சாய்வாகப் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் நிறமோ பளபளப்போ மாறினால் அங்கே மறுபடி பூசியிருக்கலாம்.

5. கதவு, டிக்கி பீடிங் முழுக்கக் கையால் அழுத்திப் பாருங்கள். வாட்டர் வாஷ் செய்யும் இடத்தில் ஐந்து நிமிடம் தண்ணீர் அடிக்கச் சொல்லி உள்ளே பாருங்கள்.

6. லிஃப்ட்டில் தூக்கச் சொல்லி பேட்டரியின் அடித்தட்டைப் பாருங்கள். நசுங்கல், கீறல் எதுவும் கூடாது.

7. சாதாரண சார்ஜரிலும் வேக சார்ஜரிலும் பத்துப் பத்து நிமிடம் ஏற்றிப் பாருங்கள். சார்ஜ் ஏறாத மின்சாரக் காருக்கு இலவச சார்ஜ் எதற்கு?

8. மேடுபள்ளமான தெருவில் பாட்டை நிறுத்திவிட்டு ஓட்டிப் பாருங்கள்.

குறை இருந்தால் சண்டை வேண்டாம். எழுதி, போட்டோ எடுத்து, மேனேஜரிடம் கையெழுத்து வாங்குங்கள். சரிசெய்த பிறகு எடுத்துக்கொள்ளலாம். பதிவு ஆவதற்கு முன் உங்கள் வார்த்தைக்கு இருக்கிற மரியாதை, ஆன பிறகு பாதியாகிவிடும்.

வாரண்டியில் பேட்டரிக்கு எத்தனை வருஷம், எத்தனை கிலோமீட்டர், எத்தனை சதவிகிதம் திறன் குறைந்தால் மாற்றுவார்கள் என்று பாருங்கள். எட்டு வருஷம், 1,60,000 கிலோமீட்டர் என்பது பரவலான அளவு. சில கம்பெனிகள் முதல் உரிமையாளருக்கு ஆயுள் வாரண்டி என்கின்றன. இரண்டாவது உரிமையாளருக்கு என்ன என்பதையும் கேட்டுவையுங்கள், விற்கும்போது அதுதான் விலை பேசும். ஐ.பி.67 என்றால் பேட்டரி ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்ற சோதனை. வேளச்சேரி வெள்ளத்தில் ஓட்ட அனுமதிச் சீட்டு அல்ல.

கம்பெனி நிலைக்குமா என்பதும் கட்டுமானத்தில் சேர்த்திதான். அமெரிக்காவின் ஃபிஸ்கர் கம்பெனி, ஓஷன் என்ற காரை ஆஸ்திரியாவில் செய்து விற்றது. 2024 ஜூனில் திவாலானது. வாங்கியவர்கள் உதிரிபாகத்துக்கும் சாஃப்ட்வேருக்கும் அல்லாடினார்கள். ஆகவே உங்கள் ஊரிலிருந்து சர்வீஸ் சென்டர் எத்தனை தூரம் என்பதை சார்ஜ் நிலையத்தின் தூரத்துக்கு முன்னால் கேளுங்கள்.

வீட்டுச் சுவரில் ஒரு பிளக்

எல்லாச் சலுகையையும்விடப் பெரிய சலுகை, உங்கள் பார்க்கிங்கில் உங்கள் மீட்டரிலிருந்து வரும் ஒரு தனி லைன்தான். அதை எந்தக் கம்பெனியும் தர முடியாது. 15 ஆம்பியர் பிளக்கிலேயே இரவு முழுக்க மெதுவாக ஏறும். 7 கிலோவாட் சுவர் சார்ஜர் என்றால் இன்னும் விரைவு. எதுவானாலும் தனி ஒயர், தனி எம்.சி.பி., ஆர்.சி.சி.பி., நல்ல எர்த் – நான்கும் வேண்டும். எர்த் சரியில்லையென்றால் பல கார்கள் சார்ஜே ஏற்றாது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம். மின்வாரியக் கட்டணத்தில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படிகளின் விலையும் ஏறிவிடும். அதையும் கணக்கில் சேருங்கள்.

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கார் புக் செய்துவிட்டு அசோசியேஷனிடம் போகாதீர்கள். முதலில் அசோசியேஷன், பிறகு ஷோரூம். "இன்னைக்கு உங்களுக்குக் கொடுத்தா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க" என்பார்கள். கேட்கத்தான் போகிறார்கள். அதனால் எல்லோருக்கும் சேர்த்தே கேபிள் பாதையும் லோடும் திட்டமிடச் சொல்லுங்கள். இந்த அவையில் எலெக்ட்ரிக்கல் படித்த அண்ணன்மார் எத்தனையோ பேர் இருக்கிறீர்கள். உங்கள் கட்டிடத்துக்கு ஒரு நாள் ஒதுக்கினால் போதும்.

ஆக, வரிசை இதுதான். முதலில் வீட்டில் பிளக். அடுத்து கட்டுமானம், வாரண்டி, பக்கத்தில் சர்வீஸ். இதிலெல்லாம் இரண்டு கார்கள் சமமாக வந்து நின்றால், அப்போது இலவச சார்ஜ் எதில் அதிகம் என்று பாருங்கள். அதற்குரிய இடம் அது.

நம் சங்கத்துக்கு ஒரு யோசனையும் உண்டு. உறுப்பினர் யார் புதுக் கார் எடுத்தாலும், டெலிவரி அன்று கூடவே வந்து பார்க்க ஊருக்கு இரண்டு பேர் என்று ஒரு பட்டியல் போடுவோம். முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். ஒரு இடைவெளிக் கோலும், ஒரு டார்ச்சும், ஒரு மணி நேரமும் போதும். கட்டணம் ஒரு காபி.

வாருங்கள், சாப்பாடு ஆறிவிடும்.